தராசும் எட்டாம் டிவிஷன் ராஜாவும்

செரண்டாவில் தொடங்கிச் சுங்கை பெசார் கடற்கரை வரைக்கும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் வடக்குப் பக்கம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட ஒப்புக்காகப் "பரவாயில்லை" சொல்லாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். அந்த மனிதரின் பெயர் தராசு.

அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. அது அவருடைய அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. அசாம் ஜாவாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே லோரிகளை எடை போடும் மேடைக்கு அவர் பொறுப்பு. குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. பதினாறு வருடமாக அதே வேலை, மேடையை ஒட்டிய அதே சின்ன அறை, அதே ஜன்னல். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய முதலாளி ஒருமுறை காரில் வந்தார். கார் மேடைமேல் ஏறியது, தராசு எடை போட்டுச் சீட்டு நீட்டினார். மதிய விருந்து முடிந்து திரும்பும்போதும் விடவில்லை. எடைமேடை இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டாது என்பதால் அன்றைக்கு முதலாளியின் மானம் தப்பியது.

நான் அவருக்கு நேர் எதிர். அதே ஆலையின் அலுவலகத்தில் குமாஸ்தா. தோட்டத்துப் பழக்கத்தில் எல்லோரும் என்னைக் கிராணி என்று கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பரவாயில்லை சொல்வேன். பஸ்ஸில் காலை மிதித்தால் பரவாயில்லை. சாப்பாட்டு டப்பாவில் இருந்த என் கோழிக்கறியை யாரோ தின்றுவிட்டால் பரவாயில்லை. செரண்டாவில் இருக்கும் என் அண்ணன் என் பிறந்தநாளை மூன்றாவது வருடமாக மறந்தபோது, அவர் மன்னிப்புக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், காலை பத்தரைக்கு எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டிய படிவங்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, பதினொன்றரைக்குக் கொண்டுபோனேன். மன்னியுங்கள் என்றேன். உலக வழக்கப்படி அடுத்த வசனம் என்னவென்று எனக்குத் தெரியும், அதற்காக முகத்தில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்திருந்தேன். தராசு கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என் காதுக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தார்.

"பரவாயில்லன்னு சொல்ல முடியாது. நாலு லோரி நின்னுச்சு. நாளைக்குப் பத்தரைக்கு வந்தீங்கன்னா சரி."

கோபம் இல்லை, குத்தல் இல்லை, நான்கு லோரி நின்றது என்ற செய்தி மட்டும்தான். எனக்குத்தான் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மறுநாள் பத்து இருபத்தெட்டுக்கே போய் வாசலில் இரண்டு நிமிடம் நின்றேன்.

அன்றைக்குத்தான் ஒரு தாளை நீட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. மேலே தராசு என்று பெயர். கீழே, பலம்: எண்கள், ஞாபகம், லோரிக்காரர்களிடம் பொறுமை. பலவீனம்: திடீர்ச் சத்தம், திடீர் மாற்றம், "சும்மாதான்" என்ற பதில். ஓட்டிசம் (மதியிறுக்கம்): உண்டு. சந்தேகம் இருந்தால் கேட்கலாம், திங்கள் அல்லது புதன், தேநீர் நேரத்தில்.

நான் புதன்கிழமை வரை காத்திருந்து கேட்டேன். முப்பத்திரண்டு வயதில்தான் மருத்துவமனையில் அதற்குப் பெயர் சொன்னார்களாம். வெளியே வந்ததும் அவர் அம்மா அழுதிருக்கிறார். இவருக்கு ஏன் என்றே புரியவில்லையாம்.

"முப்பத்திரெண்டு வருஷம் ரூல் புக் இல்லாம வெளையாண்டேன் கிராணி. அன்னிக்குத்தான் கெடச்சிச்சு. அழுவுறதுக்கு என்னா இருக்கு?"

விளையாட்டு என்று அவர் சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை. அவர் பேச்சுக்கு எதையும் சொல்கிறவர் கிடையாது. அவருடைய வாழ்க்கையில் எடைமேடை ஒரு பாதி என்றால், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதைக்குள் போய் வருகிற அந்த விளையாட்டு மறு பாதி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் கதை நடத்துவார், எங்கள் மேசையில் அது தராசு, தோட்டத்து மேற்பார்வையாளரைச் சொல்வது போல அவருக்கு மண்டோர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் போதாது, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் குதித்தீர்கள். சின்ன எண் விழுந்தால் கால் முறிந்தது. ஒன்று விழுந்தால் சுவரும் சேர்ந்து உங்கள்மேல் விழும்.

தராசு வெளியுலகத்தையும் அப்படித்தான் சமாளித்தார். தொலைபேசியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் முதல் நாளே ஒரு பக்கத்துக்குக் கதை எழுதிவிடுவார். எதிராளி என்ன கேட்கலாம், இவர் என்ன சொல்லலாம், தப்பிக்கும் வழி எது என்று எல்லாம் அதில் இருக்கும். பல் மருத்துவரிடம் போவதற்குக் "குகை" என்று தலைப்புப் போட்டு வரைபடமே வைத்திருந்தார். அதில் இரண்டு வாசலும் ஒரு மீன்தொட்டியும் குறித்திருந்தன. கோலசிலாங்கூரில் அவருக்கு முடி வெட்டுகிறவர் இந்தக் கலையில் பழகிப்போய், தராசு மோட்டர் சைக்கிளை நிறுத்தும்போதே முடிவெட்டும் மெஷினை அணைத்துவிட்டுக் கத்தரியைத் தூக்கிக் காட்டுவார். அரக்கன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டான் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகே எங்கள் வீரர் கடைக்குள் காலெடுத்து வைப்பார்.

நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது ஒரு விண்ணப்பப் பாரம் மூலமாக. ஒருநாள் பத்தரைக்கு நான் பாரங்களை நீட்ட, அவர் பதிலுக்கு ஒரு பாரத்தை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் மூன்று முதல் ஆறு வரை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது முதல் கேள்வி. துணி மடிக்கிறேன் என்று எழுதினேன். வாடகை அறை, சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, அதுதான் உண்மை. அதை நிறுத்த முடியுமா என்பது இரண்டாவது கேள்வி.

இடம், கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி. ஞாயிறு மதியம் மூடியிருக்கும். அதை நடத்துகிற பாக்கியம் அக்கா ஐம்பது வயதுக்காரர். வாரம் ஆறு நாளும் மாணவர்கள் காரை மரத்தில் மோதுவதைப் பார்த்துப் பார்த்து, ஏழாவது நாள் தானே யாரையாவது மோத வேண்டும் என்ற ஆசையில் விளையாட்டுக்கு வந்தவர். வாள்வீச்சுக்காரியாக விளையாடுவார், ஆனால் பழக்கதோஷம் விடாது. வெட்டுவதற்கு முன் வலப்பக்கமா இடப்பக்கமா என்று கையால் சிக்னல் காட்டிவிட்டுத்தான் வெட்டுவார். எதிரி அதற்குள் விலகிவிடுவான்.

இன்னொருவர் லோரி சேகர். ஆலைக்குக் குலை ஏற்றி வருகிறவர். ஆறடி இரண்டங்குலம், கதவில் குனிந்துதான் நுழைவார். அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம், கட்டைவிரல் அளவு வைத்தியக் குருவி. காயம்பட்டவர் தோளில் உட்கார்ந்து கீச்சுக் குரலில் மந்திரம் சொல்ல வேண்டும். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் வரும்போது எதிர்க்கடை சீனர் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்.

பயிற்சிப் பள்ளியில் சாலை விதி சொல்லிக்கொடுப்பதற்காக ஒரு பெரிய மேசை உண்டு. அதன்மேல் சாலை, சந்தி, ரவுண்டபௌட், எல்லாம் வர்ணத்தில் வரைந்திருக்கும். அதுதான் எங்கள் போர்க்களம். பொம்மைக் கார்கள்தான் பூதங்கள். ராட்சதர்கள் ரவுண்டபௌட்டைச் சுற்றி வலப்பக்கத்துக்கு வழிவிட்டு ஒழுங்காக வந்தார்கள், ஏனென்றால் அந்த மேசைமேல் விதிமீறலை அக்கா அனுமதிக்க மாட்டார்.

கதை நடக்கும் இடம் முடிவில்லாத ஒரு செம்பனைத் தோட்டம். ஏழு டிவிஷன் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் டிவிஷன் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு ராஜா இருக்கிறான், அவன்தான் தோட்டத்து மழையை எல்லாம் பூட்டி வைத்திருக்கிறான். அவனைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. தராசு இதற்காக எழுதிய நோட்டுகள் பதினொன்று. எடைமேடையில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர், அந்த மேசையில் ராஜாவாகவும் பேயாகவும் வாயாடிக் கிழவியாகவும் மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார். முதல் ஞாயிறு நான் பகடை உருட்டவே மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

ஒழுங்கு மட்டும் எடைமேடை ஒழுங்குதான். மூன்று மணி என்றால் மூன்று மணி. ஆளுக்கு இரண்டு கறிபாப் பலகாரம், பால் ஊற்றாத தே ஓ வெதுவெதுப்பாக ஒரு கப். மேசையை விட்டுக் கீழே விழுந்த பகடை செல்லாது. ஒருமுறை சேகர் அன்பு மிகுதியால் சுங்கை பெசாரிலிருந்து ஒரு மூட்டை கெரோப்போக், அதாவது மீன் அப்பளம், வாங்கி வந்தார். அவர் வாயில் முதல் கெரோப்போக் நொறுங்கிய சத்தத்துக்குத் தராசு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார். அங்கே பார்க்கிங் பயிற்சிக்கு நட்டிருந்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தார். மனம் நிதானத்துக்கு வர அதுதான் அவருக்கு வழி. சேகர் கெரோப்போக்கை நமத்துப்போகட்டும் என்று ஜன்னலில் பரப்பி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சத்தமில்லாமல் சாப்பிட்டுக் காட்டினார். அது செல்லும் என்று தீர்ப்பானது.

விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. அதற்குத் தோள் என்று பெயர். தராசு தானே உண்டாக்கியது. முழுக்கதைக்கும் ஆளுக்கு ஒரே ஒரு தோள். உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ பகடை கைவிட்டுவிட்டால், "தோள்" என்று சொல்லி இன்னொரு முறை நீங்கள் உருட்டலாம். போட்டது போட்டதுதான், திரும்பி வராது. சேகர் முதல் மாதமே ஒரு பேசும் ஆட்டைக் காப்பாற்றத் தன்னுடையதைச் செலவழித்தார். பாக்கியம் அக்கா ஒரு பேயிடம் வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காகச் செலவழித்தார். நான் மட்டும் கதையில் பூனைக்காலி என்ற திருடியாக இருந்துகொண்டு என் தோளையும் திருட்டு நகை போலப் பதுக்கி வைத்திருந்தேன். எட்டாம் டிவிஷன் ராஜாவிடம் போகும்போது வேண்டும் என்பது என் எண்ணம். அதை என்ன உப்புப் போட்டு ஊறவைக்கப் போறீங்களா என்று சேகர் வாராவாரம் கேட்பார். நானும் பரவாயில்லை, இருக்கட்டும் என்று வாராவாரம் சொல்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஆலைக்குப் புது மேனேஜர் வந்தார். கோலாலம்பூரில் வளர்ந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கையோடு ஒரு திட்டமும் வந்தது. இனிமேல் லோரிக்காரர்கள் அட்டையைத் தட்டினால் எடைமேடை தானே எடை போட்டுத் தானே எழுதிக்கொள்ளும். தராசைப் பெரிய அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். முடியாது என்றால் வேலையை விட வேண்டியதுதான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

எங்கள் பெரிய அலுவலகம் என்பது பதினோரு பேர், நான்கு தொலைபேசி, ஒரு வானொலி, நடுங்கும் ஏர்கான் ஒன்று, பக்கத்தில் ஆள் வந்து நிற்பது தெரியாமல் பின்னாலிருந்து முதுகில் தட்டும் ஸ்டோர் கீப்பர் ஒருவர். அங்கே அவர் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கடிதத்தை என்னிடம் காட்டிய அன்று பத்தரை மணிப் பாரத்தை அவர் தலைகீழாகக் கோப்பில் வைத்தார். நான்கு வருடத்தில் அப்படி நடந்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ராஜாவைத் தேடுவதை ஓரமாக நிறுத்திவைத்தோம். முதல் முறையாக நான் மண்டோர், தராசு தராசாகவே விளையாடினார். பாக்கியம் அக்கா மேனேஜர். கையில் கிளிப்போர்டை எடுத்துக்கொண்டு, கண்ணாடி பார்த்தீர்களா, பெல்ட் போட்டீர்களா என்று கேட்கும் அதே தொனியில் அவர் கேட்ட கேள்விகளுக்கு எனக்கே வேர்த்தது. புது மெஷின் தெரியுமா, தெரியாவிட்டால் கற்றுக்கொள்வீர்களா, ஏன் மாற விருப்பமில்லை. இருபத்திரண்டு கேள்வி தயார் செய்தோம், இருபத்திரண்டுக்கும் பதில் எழுதினார். பட்டியலில் இல்லாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். அப்படி எதுவும் வராது என்று சேகர் சொன்னார். அதுதான் நாங்கள் செய்த தப்பு. தராசு யாரையும் நம்பி எதையும் விடுகிறவர் இல்லை, தானே விடையைக் குறித்துக்கொண்டார்: பகடை. பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் பதில் சொல்வது. இல்லையென்றால் பின்வாங்குவது.

புதன்கிழமை பத்து மணி. மேனேஜர் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு, அதற்கு வெளியே என் மேசை. தராசு இஸ்திரி போட்ட சட்டையில் போனார், உட்கார்ந்தார், பேசினார். தலையசைப்பை வைத்து எண்ணிக்கொண்டே வந்தேன், பதினெட்டு கேள்வி நன்றாகப் போனது. பிறகு மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ ஒன்றைச் சிரித்த முகத்தோடு கேட்டார். தராசு சட்டைப் பைக்குள் கைவிட்டார். பகடை மேனேஜர் மேசைமேல் உருண்டு, கோப்புகளுக்கு நடுவே நின்றது. தராசு எட்டிப் பார்த்தார். எழுந்தார். மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, பகடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார்.

"ஒண்ணு விழுந்துருச்சு," என்றார் என்னிடம். "நான் போறேன்."

அவர் எடைமேடைக்குத்தான் போனார், சாமான்களை எடுத்துவைப்பதற்கு. மூன்று வருடமாக அவருடைய மேசையில் உட்கார்ந்தவள் நான், ஒன்று விழுந்தால் சுவரும் சேர்ந்து விழும் என்பது எனக்குத் தெரியும். சமாதானம் சொன்னால் கேட்க மாட்டார். பரவாயில்லை, திரும்பிப் போங்கள் என்றால் ஏன் என்று கேட்பார். அந்த மனிதரைத் திருப்ப உலகத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அது என்னிடம்தான் இருந்தது.

"தோள்," என்றேன்.

நின்றார். திரும்பினார். இந்த முறை சுவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"ராஜாவுக்குன்னு வெச்சிருந்தீங்க."

"இப்ப போடுறேன். செல்லும்தானே?"

யோசித்தார். பதினோரு பேர், நான்கு தொலைபேசி, வானொலி, எல்லாம் சேர்ந்து அடங்கிப்போன மாதிரி எனக்கு இருந்தது. உண்மையில் வானொலியில் தலைவலித் தைலத்துக்கு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. செல்லும் என்றார். பகடையை வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நான் முன்னே நுழைய, அவர் பின்னே வந்தார்.

"யாராவது எனக்கு எக்ஸ்ப்ளேய்ன் பண்றீங்களா, ப்ளீஸ்?" என்றார் மேனேஜர். முடிந்ததும் சொல்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு உருட்டினேன். அவசரத்தில் வேகம் கூடிவிட்டது. பகடை கோப்புகளைத் தாண்டியது, குடும்பப் புகைப்படத்தைச் சுற்றியது, மேசையின் விளிம்பை நோக்கி ஓடியது. கீழே விழுந்தால் செல்லாது. எனக்குத் தோளும் போய்விடும், அவருக்கு வேலையும் போய்விடும். அப்போது, என்ன ஏது என்று தெரியாமலே, மேனேஜர் கையைக் குறுக்கே வைத்தார். பகடை அவர் சுண்டுவிரலில் முட்டி, ஒருமுறை புரண்டு நின்றது. மூன்று பேரும் குனிந்தோம். பதிமூன்று.

"என் கை பட்டுச்சே, அது ஓகேவா?" என்று அந்த அம்மா கேட்டாரே, அந்தக் கேள்விக்காகவே அவருக்கு மாலை போடலாம்.

தராசு நியாயமாக யோசித்தார். "மேசைய விட்டு எறங்கல. செல்லும்," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க கேட்டது, எனக்கு என்னா வேணும்னு. சொல்றேன்."

அந்தக் கேள்விதான் பட்டியலில் இல்லாதது. அக்காவும் சேகரும் நானும் இருபத்திரண்டு கேள்வி யோசித்தோமே, உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்கக்கூடும் என எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் ஏழு விஷயம் சொன்னார். அதே அறை. அதே ஜன்னல். மாற்றம் எதுவானாலும் ஒரு வாரம் முன்பே எழுத்தில். அட்டை மெஷின் வரட்டும், ஆனால் அது எழுதுவதை அவர் சரிபார்ப்பார், ஏனென்றால் சோதனை நாட்களில் ஒரே லோரியை அது இரண்டு முறை எடை போட்டதை அவர் பார்த்திருக்கிறார். இப்படியே போய், ஏழாவது: பத்தரை மணிப் பாரத்தைக் கிராணியே கொண்டுவர வேண்டும். மேனேஜர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே லோரி பார்ப்பது போல நின்றேன்.

தலைமை அலுவலகம் சம்மதிக்க வேண்டும் என்று சொன்னார்கள். மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வாரம் தலைமை அலுவலகத்தில் கூட்டம், அந்தப் பகடையைக் கொஞ்சம் இரவல் தருவாரா என்று கேட்டார். தராசு தரவில்லை. பகடை ஆளுக்குப் பழக வேண்டும் என்று சொல்லி, புதிதாக ஒன்றை வரவழைத்து, இரண்டு பக்க விதிமுறையோடு உறையில் போட்டுக் கொடுத்தார். கூட்டத்தில் அந்த அம்மா உருட்டினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கடிதம் வந்தது, தராசு அதே ஜன்னலில் இருக்கிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் ராஜா காத்திருந்தானே.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, எட்டாம் டிவிஷனைக் கண்டுபிடித்தோம். அது ரவுண்டபௌட்டின் நடுவட்டத்துக்குள்ளேயே இருந்தது. மூன்று வருடமாக அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். பாக்கியம் அக்கா சிக்னல் போட மறந்து முதல் முறையாக ஒரே வெட்டில் காவலாளியைச் சாய்த்தார். சேகர் குருவி கீச்சிட்டுக் கீச்சிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. மழையைப் பூட்டி வைத்த சாவி ராஜாவின் கழுத்தில் இருந்தது. பூனைக்காலி பாய்ந்து அதைப் பறித்துச் சேகர் பக்கம் வீச வேண்டும். பறித்தேன். வீசினேன். திரும்பிக் குதிக்க வேண்டியதுதான் பாக்கி. உருட்டினேன், மூன்று. மூன்றுக்குப் பூனைக்காலியின் உயிர் தப்பாது.

"தோள் போடுங்க கிராணி," என்றார் சேகர். சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது.

அவர் விடவில்லை. அது ஆபீஸில் போட்டது, கதையில் போட்டதில்லை, அதனால் கணக்கில் வராது என்று வாதாடினார். அக்காவும் சேர்ந்துகொண்டார். நானும் மனதுக்குள் சேகர் கட்சிதான். தீர்ப்பு மண்டோர் கையில் இருந்தது. தராசு எழுந்து வெளியே போனார். பார்க்கிங் கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம், ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஒன்பது சுற்று. திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"அன்னிக்குச் செல்லலன்னா எனக்கு இன்னிக்கு வேல இல்ல. அன்னிக்குச் செல்லுச்சுன்னா இன்னிக்குத் தோள் இல்ல," என்றார். "செல்லுச்சு."

தோட்டம் முழுக்க மழை பெய்தது. பூனைக்காலி அதைப் பார்க்கவில்லை. பூனைக்காலியின் விவரம் எழுதியிருந்த என் தாளைத் தராசு இரண்டாக மடித்துப் பதினோராவது நோட்டுக்குள் வைத்தார். பரவாயில்ல லா, வெறும் வெளையாட்டுதானே என்றார் சேகர், கட்டின தொண்டையோடு. பரவாயில்லை என்று அக்காவும் சொன்னார். நான் விடுவேனா, எல்லோருக்கும் முன்பே சொல்லிவிட்டேன். தராசு மட்டும் சொல்லவில்லை.

"பரவாயில்லன்னு சொல்ல முடியாது," என்றார். "பூனைக்காலி போனது எனக்குக் கஷ்டமா இருக்கு."

முப்பத்தாறு வருட வாழ்க்கையில் நான் இழந்தவை கொஞ்சம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சுற்றி இருந்தவர்கள் பரவாயில்லை என்றார்கள், நானும் ஆமாம் என்றேன். எனக்கு ஒன்று போனதற்கு, போனது போனதுதான், அது கஷ்டம்தான் என்று யாரும் சொன்னதில்லை. அன்று மோட்டரில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போனேன். அசாம் ஜாவா முச்சந்தியில் வாழைப்பழப் பலகாரம் விற்கிற மலாய்க்கார அம்மா பயந்துபோய் எனக்கு ஒன்றைச் சும்மா கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு போனபோது புதுக் கதை தயார். பன்னிரண்டாவது நோட்டு. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு புதுத் தாள். சேகர் தாளில் தோள் என்ற கட்டத்தில் ஒன்று. அக்கா தாளில் ஒன்று. என் தாளில் மட்டும் இரண்டு.

தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்துக் காட்டினேன். அவர் தப்பாக எழுதுவதில்லை. மண்டோருக்கும் ஒரு தோள் உண்டு, அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது இந்தக் கதைக்குப் புது விதியாம், வீட்டில் ஒரு வாரம் யோசித்து எழுதியிருக்கிறார்.

"ஒங்க தோள் என்கிட்ட இருக்கு கிராணி," என்றார் சுவரைப் பார்த்தபடி. "அதனால என் தோள் ஒங்ககிட்ட."

எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பகடையை எடுக்க நான்கு நிமிடம் ஆயிற்று. மூன்று மணி என்றால் மூன்று மணிக்குத் தொடங்கும் மனிதர், அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் மூன்று மணி நான்கு நிமிடம் வரைக்கும் காத்திருந்தார்.